பெருவிரலும் எழுதுகோலும்

மதுரையிலிருந்து மேற்கே தேனிச் சாலையில் சென்று செக்கானூரணியைக் கடந்தால் உசிலம்பட்டிச் சீமை தொடங்குகிறது. மானாவாரி நிலங்களும் மந்தை வேப்பமரங்களும் நிறைந்த இப்பகுதியில், ஊருக்கு ஊர் 'அரசு கள்ளர் பள்ளி' என்னும் பெயர்ப்பலகையைக் காண்கிறோம். ஒரு சமூகத்தின் பெயர் பள்ளிக்கு ஏன் வந்தது? விடையறிய விழைவோர் பெருங்காமநல்லூர் நினைவிடத்தின் முன் சற்றே நிற்க வேண்டும்.

அன்னியர் ஆட்சியின் 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறமலைக் கள்ளர் சமூகத்தாரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என முத்திரையிட்டது. ஆடவர் கைரேகை பதிய வேண்டும். காவலரின் கண்காணிப்பில் இரவைக் கழிக்க வேண்டும். வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' பெற வேண்டும். உழுதுண்டு வாழ்ந்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிகள் முழங்கின. மாயக்காள் என்னும் பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர். அடிபட்டோரின் தாகம் தீர்க்கச் சென்றபோதே அவ்வம்மை உயிர்நீத்தார் என்பர் ஊரார்.

இம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர், செங்கன்னூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராய் விளங்கிய ஜார்ஜ் ஜோசப். 'ரோசாப்பூ துரை' என்று அவரை அழைத்த மக்கள், தம் பிள்ளைகளுக்கும் அப்பெயரைச் சூட்டி நன்றி பாராட்டினர்.

ரேகை வாங்கிய அதே அரசுதான், 1920 முதல் இவ்வூர்களில் பள்ளிகளையும் திறந்தது. 'சீர்திருத்தம்' என்பது அதன் நோக்கம். மக்களோ அச்சொல்லிலுள்ள இழிவைத் தள்ளி, எழுத்தை மட்டும் ஏற்றுக்கொண்டனர். பெருவிரலை மையில் தோய்த்த தந்தையின் மகன், எழுதுகோல் பிடித்துத் தன் பெயரைத் தானே எழுதினான். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது, பள்ளிகள் நிலைத்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை ஏறத்தாழ 300.

அன்பர்களே, அச்சட்டம் ஏட்டிலிருந்து மறைந்துவிட்டது. நம் நாவிலிருந்து மறைந்துவிட்டதா? "அவன் அந்த ஊர்க்காரன், எச்சரிக்கை" என்று பிள்ளைகள் கேட்க நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், குற்றமறியாத ஒருவனிடம் மீண்டும் கைரேகை வாங்குகிறோம் அல்லவா? அவ்வழியே செல்லும்போது உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். அதன் வரலாற்றையும் சொல்லுங்கள். சீர்திருந்த வேண்டியவர் யார் என்பதை அவர்களே உணர்ந்துகொள்வர்.