இரவல் வாங்கிய சொல்

நண்பர் தேநீர்க் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆசிரியர் அறையில் நாமிருவர் மட்டுமே இருந்தோம். மகனை இழந்து அவருக்கு ஓராண்டுகூட ஆகவில்லை. ‘எல்லாம் கர்த்தர் முன்குறித்தபடிதான்’ என்று அவர் சொல்லியிருந்தார். மெதடிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு, மனிதனின் சுயசித்தத்தை மறுக்கும் பேச்சு பொறுக்காது. ‘அப்படியானால் உங்கள் கடவுளைவிடச் சாத்தானே நல்லவன்’ என்றோம்.

அச்சொல் நம்முடையதன்று. ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டல் நகரில் ஆற்றிய, ‘இலவசக் கிருபை’ எனும் பிரசங்கத்திலிருந்து இரவல் வாங்கியது. உலகம் தோன்றுமுன்னரே கடவுள் சிலரை மீட்புக்கென்று தெரிந்துகொண்டார், ஏனையோரைக் கைவிட்டார் என்பது கால்வினியக் கொள்கை. கிருபை எல்லோர்க்கும் உரியது, அதை ஏற்கவும் மறுக்கவும் மனிதனால் இயலும் என்பது வெஸ்லியின் கட்சி. எதிர்க்கொள்கை கடவுளைப் பிசாசினும் கொடியவராக்குகிறது என்று அவர் சாடினார்.

அது தைத்தது ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டை. ஆக்ஸ்ஃபோர்டு நாள்முதல் தோழர். பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்க வெஸ்லியை அழைத்தவரும் அவரே. 1740 டிசம்பர் 24 அன்று, ஜார்ஜியாவில் தாம் நிறுவிய அநாதை இல்லத்திலிருந்து அவர் எழுதிய மறுப்புக் கடிதம், மறு ஆண்டு லண்டனில் அச்சேறியது. கொள்கையை மறுத்ததோடு நில்லாமல், வெஸ்லி திருவுளச்சீட்டுப் போட்டு முடிவெடுத்த அந்தரங்கச் செய்தியையும் அவர் ஊரறிய உடைத்தார். பின்னர் அதற்காக மன்னிப்பும் கேட்டார்.

இவ்வாதத்தில் சொல் ஏன் இத்துணைக் கூர்மை கொள்கிறது? ஒருவர் கடவுளின் அன்பைக் காக்க நின்றார். மற்றவர் அவருடைய இறையாண்மையைக் காக்க நின்றார். கடவுளின் மானத்தைக் காப்பதாக எண்ணுபவனுக்கு எச்சொல்லும் வரம்பு மீறியதாகத் தோன்றுவதில்லை. எதிராளியின் கூற்றிலிருந்து தான் வருவித்த முடிவை, அவருடைய நம்பிக்கையாகவே அவர்மீது ஏற்றியும் விடுகிறான். ஒயிட்ஃபீல்டு வணங்கியது கொடியதொரு கடவுளை அன்று. நம் நண்பரும் அப்படியே. தம் மகனின் சாவு வெறும் தற்செயல் அன்று, அவனை ஒரு கை ஏந்திக்கொண்டது என்பதே அவர் சொல்ல வந்தது. நாம் தருக்கத்தை உடைப்பதாக எண்ணி, அவருடைய ஊன்றுகோலை உடைத்தோம். கேள்வி கேட்கத்தக்கதே, ஆனால் துக்க வீட்டில் கேட்கத்தக்கதன்று.

ஒயிட்ஃபீல்டு 1770 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் மறைந்தார். அவர் விரும்பியிருந்தபடியே, அவ்வாண்டு நவம்பரில் லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. கொள்கையில் இருவரும் கடைசிவரை இணங்கவில்லை. எனினும் அன்று வெஸ்லி அந்தப் பழைய வழக்கைக் கிளறவில்லை. கருத்து வேறுபட இடமுள்ளவற்றில் வேறுபட்டே இருப்போம், அடிப்படையை மட்டும் விடாதிருப்போம் என்னும் பொருள்படவே பேசினார்.

பிரசங்கத்தின் கூரிய வரியை இளமையிலேயே மனப்பாடம் செய்த நாம், இந்த நினைவுரையைப் படித்தது மிகத் தாமதமாகத்தான். படித்தபின் நண்பரின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

‘விடுங்க சார், அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு’ என்றார்.

எதை மறந்தார் என்று நாம் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.