திருநீறும் பூசுங்க, மாத்திரையும் போடுங்க



வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் சில குடும்பங்கள் எங்க தொண்டர்களைத் தனியா கூப்பிட்டுப் பேசுறாங்க. "பிள்ளை தானா பேசுறான், ராத்திரி தூங்குறதில்ல. யாரோ செய்வினை வச்சிட்டாங்க. நல்ல சாமியார் தெரியுமா?" மருந்து கொடுக்கிறீங்களான்னு கேட்டா, "கொடுத்தோம், ஒரு சாமியார் நிறுத்தச் சொல்லிட்டார்"ன்னு பதில் வருது. அதனாலதான் இந்தப் பதிவு.

தோட்டத்துல இருந்த காலத்துல டிரெஸ்ஸரை விட்டா நமக்கு சாமிதான் துணை. அந்தப் பழக்கத்தை நாங்கள் குறை சொல்லல. ஆனா ஒண்ணை யோசிக்கணும். மனநோய் கூடும், குறையும். ரொம்ப மோசமா இருக்கும்போதுதான் நாம சாமியாரைத் தேடி ஓடுறோம். பிறகு அது தானா கொஞ்சம் குறைஞ்சாலும் பேர் அவருக்குப் போயிடுது. திரும்பக் கூடினா, "உங்க நம்பிக்கை பத்தல"ன்னு பழி நம்ம மேல விழுது.

தமிழ்நாட்டுல ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்துக்காரங்களும் மனநோயாளிகளைக் கூட்டிட்டுப் போவாங்க. பக்கத்துல தனியார் நடத்தின காப்பகங்கள்ல விட்டுட்டு வருவாங்க. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சது. சங்கிலியால கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் அரசாங்கம் அந்தக் காப்பகங்களை மூடியது. இந்துக் குடும்பங்களும் அங்க நம்பி விட்டவங்கதான். அதனால இது ஒரு மதத்தோட குறை இல்ல.

அப்போ கோயிலால ஒண்ணுமே ஆகாதா? அதுவும் இல்ல. அதே தமிழ்நாட்டுல வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில்ல தங்கியிருந்த 31 பேரை டாக்டர்கள் ஆராய்ச்சி பண்ணி, 2002-ல பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல எழுதினாங்க. சராசரியா ஆறு வாரம் தங்கினவங்களுக்கு நோயின் அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைஞ்சிருந்தது. அங்க பேய் ஓட்டல. குடும்பத்துல ஒருத்தர் கூடவே இருந்தார். கோயிலைக் கூட்டுறது, செடிக்குத் தண்ணி ஊத்துறதுன்னு சின்னச் சின்ன வேலை செஞ்சாங்க. பயமில்லாத, ஆதரவான இடம்தான் காரணமா இருக்கும்னு டாக்டர்கள் சொன்னாங்க. 31 பேர் பெரிய கணக்கு இல்ல. ஆனா கோயில் எதைக் கொடுக்கலாம்னு அது காட்டுது.

அமைதி, ஆறுதல், நாலு பேரோட அன்பு. இதை எங்களால கொடுக்க முடியும். நோயைக் குணப்படுத்துறோம்னு நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம்.

"தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்"னு சிரிச்சுப் பேசுற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. தயவுசெஞ்சு அதை விடுங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பல பேர் டாக்டர்கிட்ட போறதில்ல. பரிகாரம்னு ஆயிரக்கணக்குல கட்டுறாங்க. அரசாங்கக் கிளினிக்ல ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாங்க.

பிள்ளையை ஆலயத்துக்குக் கூட்டிட்டு வாங்க, நாங்களும் சேர்ந்து வேண்டிக்கிறோம். டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீங்க. கிளினிக்குக்குத் தனியா போகத் தயக்கமா இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க. ஒருத்தர் கூட வருவோம்.