பழைய வாத்தியத்தை டோன் ஆக்குவது

அரேஞ்சர் கீபோர்டில் ஒரே ஆள் ஒரு வாத்தியக் குழுவையே நடத்தலாம். இடது கை ஒரு கார்டைப் பிடித்தால் டிரம்ஸும் பேஸும் கிதாரும் அதன் பின்னால் ஓடும். வலது கை மெட்டை வாசிக்கும். கல்யாண வரவேற்புகளில் பாதி மேடையை நிரப்ப வேண்டிய குழுவை இரண்டே பேராகச் சுருக்கியது இந்தக் கருவிதான். ரோட்ஸ், ஹேமண்ட் என்று பழைய வாத்தியங்களின் பெயரில் கம்பெனி டோன்களும் அதில் நிறையவே உண்டு. ஆனால் அவை குளித்து, தலை வாரி, பவுடர் போட்டு வந்தவை. கட்டையை விடும்போது வரும் ஃபெல்ட் சத்தமும் ஆம்பிளிஃபயரின் முணுமுணுப்பும் அவற்றில் மிஞ்சுவதில்லை. அசல் வாத்தியத்தின் வாசனை வேண்டும் என்கிறவர் சுரம் சுரமாகப் பதிவு செய்து, தாமே ஒரு டோன் கட்ட வேண்டியதுதான்.

முதல் கேள்வி இடம். வெளியிலிருந்து ஏற்றும் டோன்களுக்கு யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்700-இல் சுமார் 400 எம்பி, எஸ்எக்ஸ்900-இல் சுமார் 1 ஜிபி இடம் உண்டு. சிடி தரத்தில் மோனோவாகப் பதிவு செய்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி ஆகும். 73 கட்டை கொண்ட ரோட்ஸில் மூன்று கட்டைக்கு ஒன்று எடுத்தால் 25 சுரம். ஒவ்வொன்றையும் நான்கு அழுத்தங்களில், பத்து நொடி வீதம் பதிந்தால் 1000 நொடி, அதாவது ஏறக்குறைய 88 எம்பி. ஒரு வாத்தியத்துக்கு இது நியாயமான செலவு. ஸ்டீரியோவில் எடுத்தால் கணக்கு இரட்டிக்கும். ரோட்ஸின் பிக்கப்பிலிருந்து வருவது மோனோதான் என்பதால் அந்த ஆசை வீண்.

ஹெரால்ட் ரோட்ஸ், இரண்டாம் உலகப் போரின்போது காயம்பட்ட விமானப்படை வீரர்களுக்குப் படுக்கையில் வைத்து வாசிக்கச் சின்னப் பியானோ செய்துகொடுத்தவர். பி-17 விமானங்களில் கழித்துப்போட்ட அலுமினியக் குழாய்கள்தான் அதற்கு மூலப்பொருள். அவர் பெயரில் பின்னாளில் வந்த மின்பியானோவில் தந்தி கிடையாது. சுத்தியல் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும். கம்பியின் நுனி ஒரு காந்தப் பிக்கப்பின் முன்னால் ஆடும். மெதுவாகத் தட்டினால் நுனி சிறிதே ஆடும், மணியோசை வரும். ஓங்கித் தட்டினால் ஆட்டம் பெரிதாகி, அலையின் வடிவமே கோணி, உறுமல் கிளம்பும். ஆகவே ஒரே பதிவின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டையும் பெற முடியாது. நான்கு அழுத்தங்கள் என்றது இதற்காகத்தான். மூன்றில் சமாளிக்கலாம், இரண்டு என்றால், எந்த அழுத்தத்தில் குணம் மாறுகிறது என்று கேட்பவர் விரலால் சுட்டிக் காட்டிவிடுவார்.

இரைச்சலை என்ன செய்வது என்பதில் கைகள் பதறும். மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் முணுமுணுப்பு மறையும். கூடவே, சுரம் தேய்ந்து அடங்கும் கடைசி மூன்று நொடியின் உயிரும் போகும். அப்படியே விடுவதும் ஆபத்துதான். பெடலை மிதித்துப் பத்து சுரம் வாசித்தால் பத்து இரைச்சலும் சேர்ந்து 10 டெசிபல் ஏறும். பதிவு செய்யும்போதே நல்ல கேபிள் போட்டு, மின்மாற்றிகளை விட்டுத் தள்ளி உட்கார்ந்து இரைச்சலைக் குறைப்பதே சரி. பிறகு துடைக்கிற அளவு குறையும்.

புதிதாக இறங்குகிறவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. பழைய ஒலியின் அழகு அதன் நடுக்கத்தில் இருக்கிறது என்று நினைத்து, டிரெமலோவையும் லெஸ்லி ஸ்பீக்கரின் சுழற்சியையும் சேர்த்தே பதிவு செய்துவிடுவார்கள். ‘ஸ’வில் எடுத்த பதிவை நான்கு கட்டை மேலே வாசித்தால், சுருதியோடு நடுக்கமும் 26 சதவீதம் வேகமாகும். மூன்று சுரம் சேர்த்துப் பிடித்தால் மூன்று லெஸ்லிகள் மூன்று வேகத்தில் சுற்றும். தலைசுற்றல் நிச்சயம். வாத்தியத்தை மொட்டையாகப் பதிந்துகொண்டு, சுழற்சியைக் கீபோர்டின் ரோட்டரி எஃபெக்டுக்கு விட்டுவிட வேண்டும். ஹேமண்டில் இன்னொரு விஷயம்: எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது. அதனால் டோனிலும் அழுத்த உணர்வை அடியோடு அணைத்துவிட வேண்டும். கட்டையைத் தொட்டதும் வரும் ‘டிக்’கை மட்டும் வெட்டக் கூடாது.

கிளாவியோலின் வேறு ஜாதி. பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947-இல் உருவாக்கியது. ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் வரும். 1954-இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தில் கேட்கும் மகுடி உண்மையில் மகுடியல்ல. ஹேமந்த் குமாரின் இசையில் கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் அது, கூடவே ரவியின் ஆர்மோனியம். இந்த ஒலி மின்சுற்றில் பிறந்து ஒரே மாதிரி நிற்பதால் நீண்ட பதிவு தேவையில்லை. ஒரு சின்னத் துண்டை எடுத்து லூப் போட்டால் போதும்.

அந்தச் சின்னத் துண்டில்தான் சிக்கல். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரு அலை, 44,100 சாம்பிள் வேகத்தில் 100.2 சாம்பிள் நீளம் வரும். லூப்பை முழு எண்ணில்தான் வெட்ட முடியும் என்றால் 100 என்று வெட்டுவோம். சுரம் 441 ஹெர்ட்ஸுக்கு ஏறி, 4 சென்ட் தூக்கலாக ஒலிக்கும். தனியாகக் கேட்டால் தெரியாது, மற்ற டோன்களோடு சேரும்போது அலையடிக்கும். ஐந்து அலைகளைச் சேர்த்து 501 சாம்பிளில் வெட்டினால் பிழை அரை சென்டுக்குள் அடங்கிவிடும். எத்தனை அலை எடுத்தாலும், முனைகள் இரண்டும் அலை பூஜ்யத்தைக் கடந்து மேலேறும் இடத்திலேயே இருக்க வேண்டும். தப்பினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’.

மெல்லோட்ரானுக்கு லூப்பே வேண்டாம் என்பது இங்கே உறுதியான கட்சி. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வெளிவந்த இந்தப் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு. அழுத்தினால் நாடா ஓடும், சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும். விட்டால் தொடக்கத்துக்குத் திரும்பும். பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் இதுதான். ஒவ்வொரு நாடாவிலும் ஒருவர் தனித்தனியாக ஊதிய சுரம் இருப்பதால் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே செல்லாது. 1970-இல் வந்த எம்400-இன் 35 கட்டைகளையும் பதிய வேண்டும்: 280 நொடி, மோனோவில் சுமார் 25 எம்பி. சில சுரங்கள் சற்றே பிசகியிருக்கும். அவற்றைத் திருத்தினால் மெல்லோட்ரான் போய் வெறும் புல்லாங்குழல் மிஞ்சும். டெம்போ 60-இல் இரண்டு பார் முடிவதற்கும் எட்டு நொடி தீர்வதற்கும் சரியாக இருக்கும்; அதற்குள் கையை மாற்றிவிட வேண்டும். அந்தக் காலத்து வாசிப்பின் பாதி நடை இந்த அவசரத்திலிருந்து வந்தது. லூப் போட்டுக் கொடுத்தால் வாசிப்பவர் சோம்பேறியாகிவிடுவார்.

பதிவுகளை யமஹா எக்ஸ்பான்ஷன் மேனேஜர் என்ற மென்பொருளில் அடுக்கி, எந்தப் பதிவு எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை, எந்த அழுத்தத்துக்கு என்று பிரித்துப் பேக் ஆக்கி, யூஎஸ்பி வழியாகக் கருவியில் ஏற்ற வேண்டும். அரேஞ்சரின் கட்டைகள் ரோட்ஸின் கனமான கட்டைகள் அல்ல, ஸ்பிரிங் வைத்த லேசான ரகம். உறுமல் அடுக்கை அழுத்தத்தின் உச்ச எண்ணான 127-க்குப் பக்கத்தில் வைத்தால் மேடையில் அது வரவே வராது; 105 வாக்கில் தொடங்கினால் விரலுக்கு எட்டும்.

கடைசிச் சோதனை ஸ்டைலோடு, அதாவது இடது கையின் பின்னால் ஓடும் அந்தப் பக்கவாத்தியத்தோடுதான். தனியாகக் கேட்கும்போது கணீரென்று நிற்கும் ரோட்ஸ், பேஸும் டிரம்ஸும் ஓடத் தொடங்கியதும் கீழ்ஸ்தாயியில் மொத்தத்தையும் குழப்பும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே தயங்காமல் வெட்டலாம். அந்த இடம் பேஸ் கிதாருக்குச் சொந்தம். ரிவெர்பை டோனுக்குள்ளேயே பதிந்துவிடாமல் கீபோர்டிடமே விட்டால், மண்டபத்துக்கு மண்டபம் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவும் சரியான பிறகு டோனை ஸ்டைலோடு சேர்த்து ரெஜிஸ்ட்ரேஷனில் சேமிப்பார்கள். துடைக்காத, வெட்டாத அசல் வேவ் கோப்புகளை மட்டும் தனி டிஸ்கில் வைத்திருக்க வேண்டும். கீபோர்டு மாறும்போது டோனை மறுபடி கட்ட வேண்டியிருக்கும். கடன் வாங்கிய ரோட்ஸ் அதற்குள் உரியவர் வீட்டுக்குப் போயிருக்கும்.