மாமன் போட்ட கையெழுத்து



போன மாதம் என் அக்கா மகளுக்கு இங்கே கல்யாணம் நடந்தது. மண்டபம், மேளம் எதுவும் கிடையாது. நியூயார்க் மன்ஹாட்டனில் 141 வொர்த் தெருவில் இருக்கும் சிட்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவுத் திருமணம். இந்த ஊர்க்காரர்கள் இதை ‘சிட்டி ஹால் கல்யாணம்’ என்பார்கள். சிட்டி ஹாலுக்குப் பக்கத்து முனிசிபல் கட்டடத்தில் இருந்த திருமணப் பிரிவு 2009-இல் இங்கே இடம் மாறியது. பேர் மட்டும் மாறவில்லை.

சேதி கேட்டதும் அக்கா கும்பகோணத்திலிருந்து போன் செய்தாள். “டோக்கன் வாங்கிட்டு வரிசையில உக்காந்து பண்றதெல்லாம் ஒரு கல்யாணமாடா?” என்றாள். அவள் குரல் கம்மியது. அன்று அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த மடல் அவளுக்கும் சேர்த்துத்தான்.

மாப்பிள்ளையின் பெற்றோர் எக்வடாரிலிருந்து வந்து குவீன்ஸில் குடியேறியவர்கள். பையன், பெண் இரண்டு பேருக்குமே படிப்புக் கடன் பாக்கியிருக்கிறது. “கல்யாணத்துக்குன்னு இன்னொரு கடன் வேண்டாம் மாமா” என்றாள் மருமகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே தாளில் திட்டம் போட்டு முடித்தோம்.

முதல் வேலை, திருமண உரிமம். விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பலாம். பிறகு பாஸ்போர்ட்டோடு இருவரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். கட்டணம் 35 டாலர். ரொக்கம் வாங்க மாட்டார்கள். கிரெடிட் கார்டு அல்லது மணியார்டர். உரிமம் கிடைத்த பிறகு 24 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம் செய்யலாம். 60 நாளுக்குள் செய்துவிட வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை உரிமம், வெள்ளிக்கிழமை கல்யாணம் என்று முடிவானது. கல்யாணத்துக்குத் தனியாக 25 டாலர். ஆக, அரசாங்கத்துக்குக் கட்டியது மொத்தம் 60 டாலர்.

அந்த விண்ணப்பத்தில் எங்களை வெகுநேரம் உட்கார வைத்தது ஒரே ஒரு கட்டம்: ‘திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர்.’ நமக்கு ஏது குடும்பப் பெயர்? மருமகளின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். கணவன் பெயரை எடுக்கலாம், இரண்டையும் கோடு போட்டுச் சேர்க்கலாம், உள்ளதையே வைத்துக்கொள்ளலாம். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்பா பேரே இருக்கட்டும் மாமா” என்றாள். தட்டச்சு செய்யும்போது அத்திம்பேர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்துத் திருத்தியவன் நான். இப்படி ஒரு காரியம் செய்ய இருக்கிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: பெயரை மூன்று முறை படியுங்கள். நாளை விசாவுக்கும் வங்கிக்கும் அந்தச் சான்றிதழைத்தான் நீட்ட வேண்டும்.

இரண்டாவது வேலை, சாட்சி. 18 வயது நிரம்பிய ஒருவர், அடையாள அட்டையோடு வந்தால் போதும். “மாமாதான் சாட்சி” என்று அவள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சிடுங்க.” வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். எட்டரைக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நின்றோம். பூங்கொத்து விற்பவர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். மருமகள் அரக்குப் பட்டு கட்டி, முந்தின நாள் ஜாக்சன் ஹைட்ஸில் வாங்கிய மல்லிகையை வைத்திருந்தாள். உள்ளே நீண்ட கூடம். திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் ஒரு சீன ஜோடி, எதிரே நரைத்த தலையோடு கை கோத்து உட்கார்ந்திருந்த ஓர் ஆணும் பெண்ணும். யாருக்கு எண் வந்தாலும் முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

எங்கள் எண் வந்தது. சிறிய அறை. கும்பகோணத்தில் அப்போது இரவு ஏழு மணி தாண்டியிருந்தது. போன் திரையில் அக்காவும் அத்திம்பேரும். அலுவலர் ஒவ்வொருவரிடமும் கேட்டார், இருவரும் சம்மதம் சொன்னார்கள், மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பேசிய ஸ்பானிஷில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் எல்லாம் புரிந்தது.

அக்காவின் கேள்விக்குப் பதில் தேடி, நியூயார்க் சட்டத்தைப் படித்தேன். திருமணத்துக்கு இன்ன சடங்கு என்று எதுவும் கட்டாயமில்லை. அலுவலர் முன்பும் சாட்சி முன்பும் ‘இவரை ஏற்கிறேன்’ என்று இருவரும் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான் என்கிறது அது. படித்ததும் நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. 1967-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணங்களுக்காக இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவும் இதைத்தானே சொல்கிறது? உற்றார் அல்லது நண்பர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஏற்பைச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். புரோகிதர் வேண்டியதில்லை. ஆக, அக்கா, இது வெள்ளைக்காரன் ஊரில் முளைத்த புதுப் பழக்கம் என்று நினைக்காதே. சொல்லும் சாட்சியும் போதும் என்பதை நம் சட்டமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது.

கல்யாணத்தன்று மதியம் ஏழாம் எண் ரயில் பிடித்து ஃப்ளஷிங் போனோம். பௌன் தெருப் பிள்ளையார் கோவிலில் அர்ச்சனை முடித்து, கீழே கேன்டீனில் மசால் தோசையும் காப்பியும் சாப்பிட்டோம். பதினொரு பேர். அதுதான் கல்யாணச் சாப்பாடு.

நம் வழக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் இல்லை. சீர் தட்டு ஏந்தும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த உரிமத்தில் மணமக்கள் பெயருக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. நான் செய்த சீர் அதுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒருநாள் “எளிமையா முடிச்சுக்கறோம்” என்று வந்து நிற்கலாம். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள். “சாட்சிக் கையெழுத்துக்கு நான் வர்றேன்” என்று சொல்லுங்கள்.