பூட்டு நம்முடையது; சாவி யாருடையது?



திண்டுக்கல் என்ற பெயரைச் சொன்னதும் வெளியூர் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது பூட்டுதான். கைவினைஞர்கள் உருவாக்கும் இப்பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டைத் திறக்காது என்ற நம்பிக்கைதான் இத்தொழிலின் மூலதனம். இத்தகைய ஊரில் வாழும் நம்மிடம் ஒருவர் வந்து, "இப்பூட்டை உங்களுக்கு இலவசமாகவே தருகிறேன். ஆனால் இதை மாட்டும்வரை உங்கள் காவற்காரரை வெளியே அனுப்பிவிடுங்கள். மாற்றுச் சாவி ஒன்று என்னிடமும் இருக்கும்" என்று சொன்னால் வாங்கிக்கொள்வோமா? வந்தவரை வாசலோடு அனுப்பிவிடுவோம். ஆனால் கணினி விஷயத்தில் நம்மில் பலர் அப்பூட்டைத்தான் மனமகிழ்ச்சியோடு வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறோம். திருட்டு மென்பொருளைத்தான் சொல்கிறேன்.

மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணலாம். நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன்; கணினியைக் கழற்றிப் பார்த்தவன் அல்லன். எனினும் இன்று மதரஸாவின் மாணவர் பட்டியலும், ஜமாஅத்தின் சந்தாக் கணக்கும், நிகாஹ் பதிவேடும் கணினிக்குள் குடியேறிவிட்டன. ஒட்டன்சத்திரத்துக் கமிஷன் மண்டியின் வரவு செலவும், நிலக்கோட்டைப் பூ வியாபாரியின் கொடுக்கல் வாங்கலும், பேகம்பூர்த் தோல் வணிகரின் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன. மார்க்கம் கற்பிப்பவன் அமானிதத்தைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டவன். அமானிதம் இருக்கும் பெட்டியைப் பற்றியும் அவன் பேசத்தானே வேண்டும்?

விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் காவலை உடைத்து, இலவசமாகவோ சொற்ப விலைக்கோ தருவதே திருட்டுப் பிரதி. அதை உடைக்கும் சிறு நிரலைக் 'கிராக்' என்றும் 'ஆக்டிவேட்டர்' என்றும் அழைக்கிறார்கள். கணினி வாங்கும்போது, "எல்லாம் போட்டே தந்துவிடுகிறோம் பாய்" என்று சொல்லப்படும் சொல்லுக்குள் பெரும்பாலும் இதுவும் அடங்கியிருக்கும்.

இது வேலை செய்யும் முறையைச் சற்றுக் கவனியுங்கள். இந்தக் கிராக்கோடு வரும் குறிப்பின் முதல் வரியே, வைரஸ் தடுப்பை நிறுத்திவிடுங்கள் என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அடுத்தது, கணினியின் முழு அதிகாரத்தையும் அந்நிரலுக்கு வழங்குங்கள் என்பது. மூன்றாவதாக, மென்பொருளை ஒருபோதும் புதுப்பிக்காதீர்கள் என்ற எச்சரிக்கை. காவற்காரர் வெளியே, வீட்டுச் சாவிக்கொத்து அந்நியர் கையில், ஓட்டை விழுந்த சுவரைப் பூசவும் தடை! இத்தனைக்கும் நாமே கையொப்பமிட்ட பிறகு, உள்ளே வந்தவர் எதை எடுத்தார், எதை வைத்தார் என்று யாரிடம் போய்க் கேட்பது?

வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்கிறேன். திருட்டுப் பிரதியும் கணினி வைரஸும் இன்று நேற்று உறவு கொண்டவை அல்ல. ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்', 1986ஆம் ஆண்டில் லாகூரில் உருவானது. அதை எழுதியவர்கள் பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்னும் சகோதரர்கள். தாங்கள் உருவாக்கிய மருத்துவ மென்பொருளைப் பிறர் அனுமதியின்றிப் படியெடுத்ததால், அவர்களைக் கண்டறியவே அவ்வாறு செய்ததாக அவர்கள் கூறினர். தங்கள் கடையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையுமே அந்த நிரலுக்குள் எழுதி வைத்திருந்தனர்! ஆயினும் வட்டு விட்டு வட்டு தாவிய அந்த நிரல், மறு ஆண்டே அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகள் வரை போய்ச் சேர்ந்தது. அன்று எழுதியவர்கள் முகவரியைக் கொடுத்தார்கள். இன்று எழுதுகிறவர்கள் முகமூடி அணிந்து வருகிறார்கள் என்பதே வேறுபாடு.

புதுக் கணினிதானே, அதில் என்ன இருக்கப் போகிறது என்று எண்ணுவோரும் உண்டு. 2011ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சீன நகரங்களின் கடைகளில் 20 புதிய கணினிகளை வாங்கிச் சோதித்தனர். அவற்றுள் நான்கில், திருட்டு விண்டோஸுடன் தீய நிரலும் சேர்ந்தே இருந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே திருடன் உள்ளே அமர்ந்திருந்தான்.

புதுப்பித்தலைத் தவிர்ப்பதன் விளைவை 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகமே கண்டது. 'வான்னாகிரை' என்ற பணயத் தாக்குதல் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. நம் அண்டை மாநிலங்களான கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களும், ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் சிலவும் அதில் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை ஏற்காமல் விட்ட கணினிகளே பலியாயின. முறையாக வாங்கியோரிலும் கவனக்குறைவால் மாட்டிக்கொண்டோர் உண்டு. ஆனால் திருட்டுப் பிரதி வைத்திருப்பவரோ, புதுப்பித்தால் குட்டு வெளிப்படும் என்றஞ்சி அந்தக் கதவைத் தாமே அடைத்துவிடுகிறார்.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று கருத வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நம் திண்டுக்கல் சமவெளியிலுள்ள ஒரு மஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மதரஸா ஆண்டு விழாவுக்குச் சுவரொட்டி தயாரிக்க விரும்பிய ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர், ஜமாஅத் அலுவலகக் கணினியில் விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் திருட்டுப் பிரதியை இறக்கிப் போட்டார். அவரது எண்ணத்தில் குறையில்லை. ஜமாஅத்தின் பணத்தை மிச்சப்படுத்தவே நினைத்தார். மறுநாள் காலை எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் மட்டும் திறந்தது. அதைப் படித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள்.

படித்தேன். கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. திறக்க 980 டாலர். மூன்று நாட்களுக்குள் தந்தால் பாதி விலையாக 490 டாலர். நம்பிக்கைக்காக ஒரே ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவோம் என்று எழுதியிருந்தது. ஜவுளிக் கடைத் தள்ளுபடி விளம்பரம்போல அத்தனை மரியாதையான நடை!

"எவ்வளவு கேட்கிறான் உஸ்தாத்?" என்றார் முத்தவல்லி.

"நம் பணத்தில் 35,000 ரூபாய்க்கு மேல் வரும் பாய்" என்றேன்.

தொகையைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாதிருந்த முதிய பேஷ் இமாம் கேட்டார்: "தம்பி, பூட்டினவன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலா பூட்டியிருப்பான்?"

அறை அமைதியாகிவிட்டது. ஏனெனில் அக்கணினியில் இருந்தது சந்தாக் கணக்கு மட்டுமன்று. ஜகாத் பெறுவோர் பட்டியலும் இருந்தது. எந்தக் குடும்பம் எந்தக் கடனில் தவிக்கிறது, எந்த விதவைக்கு என்ன நோய், யாருடைய மகளின் நிகாஹ் எந்தக் காரணத்தால் தள்ளிப் போயிற்று என்பவை, வங்கிக் கணக்கு எண்களோடு அதில் இருந்தன. பெறுபவரின் மானம் காக்க இருள் பிரியும் முன் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வரும் பெரியவர்கள் உள்ள ஊர் அது. அவர்கள் அத்தனை ஆண்டுகள் காத்த இரகசியம், ஒரு சுவரொட்டிக்காக அந்நியர் கையில் இருந்தது.

இமாமின் ஐயம் வீண் ஐயமன்று. அந்தக் கடிதம் 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியூ' என்று அழைக்கப்படும் பணய நிரலின் கடிதம். திருட்டு மென்பொருள்களில் ஒளிந்து பரவுவதே அதன் முதன்மையான வழி. பல சமயங்களில் அது தனியே வருவதில்லை. கடவுச்சொற்களைத் திருடும் மற்றொரு நிரலையும் துணைக்கு அழைத்து வருகிறது. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு இலவச மீட்புக் கருவி ஒன்றை வெளியிட்டது உண்மையே. ஆனால் அதற்குப் பின் வந்த வகைகளில், சாவி தாக்கியவனின் கணினியில் உருவாகுமானால் அக்கருவியால் பயனில்லை. இந்த மஹல்லாவின் கோப்புகளும் அதற்குத் திறக்கவில்லை.

அவர்கள் பணம் அனுப்பவில்லை. நிகாஹ் பதிவேடு தடித்த காகிதப் புத்தகத்திலும் இருந்ததால் அதைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்தனர். ஜகாத் பட்டியலுக்குத்தான் நகல் இல்லை. மீண்டும் வீடு வீடாகச் சென்றார்கள். ஒருமுறை தலை குனிந்து சொன்ன துயரத்தை அந்த ஏழைகள் மறுமுறையும் சொல்ல நேர்ந்தது. பணயத் தொகை 980 டாலர் என்று எழுதியிருந்தான். உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் இவர்கள்தாம்.

வாசகர்களே! திருட்டு மென்பொருளுக்கு ஆதரவாக நம்மவர்கள் சொல்லும் வாதம் ஒன்றுண்டு: "அது கோடிகளில் புரளும் வெளிநாட்டு நிறுவனம், நாம் ஒரு பிரதி எடுத்தால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்?" என்பார்கள். இதற்கு மார்க்க அறிஞர்கள் முன்பே விடை தந்துள்ளனர். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, படைப்புரிமையும் கண்டுபிடிப்புரிமையும் மார்க்கத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்தது. ஹிஜ்ரத்தின்போது நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். தம்மைக் கொல்லத் திட்டமிட்ட குறைஷியரின் அமானிதப் பொருள்களைக்கூட, உரியவரிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள் நபி (ஸல்) அவர்கள். பகைவரின் பொருளுக்கே அந்த மதிப்பு என்றால், நம்மை நம்பியவரின் பொருளுக்கு எத்தகைய மதிப்புத் தர வேண்டும்!

நாட்டின் சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு இலட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வணிக நோக்கமில்லாவிடில் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம். ஆனால் குற்றம் குற்றமே.

"விலை கொடுக்க வசதியில்லையே?" என்பது நியாயமான கேள்வி. அதற்கும் ஹலாலான வழி இருக்கிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எவரும் இலவசமாக, உரிமையோடு பயன்படுத்தலாம். சி-டாக் நிறுவனம் இந்தியாவிலேயே உருவாக்கிய 'பாஸ்' அந்த வகையைச் சேர்ந்தது. கேரள அரசு தன் பள்ளிகளில் பல ஆண்டுகளாக இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைத்தான் பயன்படுத்தி வருகிறது. கடிதமும் கணக்கும் எழுத 'லிபர் ஆபிஸ்', படங்களைத் திருத்த 'கிம்ப்', சுவரொட்டியும் மலரும் வடிவமைக்க 'ஸ்க்ரைபஸ்' எனத் தேவைக்கேற்பக் கிடைக்கின்றன. தமிழையும் அரபியையும் ஒரே பக்கத்தில் எழுத முடிகிறது. பழகச் சில வாரங்கள் ஆகும். அலிஃப், பே எழுதப் பழகவும் நமக்குச் சில வாரங்கள் ஆயினவல்லவா?

ஆகவே, ஜமாஅத் நிர்வாகிகளும் வணிகர்களும் குடும்பத் தலைவர்களும் இந்த வாரமே சிலவற்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கணினியில் இருப்பவற்றுக்கு முறையான உரிமம் உண்டா என்று, அதை நிறுவித் தந்தவரிடம் இரசீதோடு கேளுங்கள். விண்டோஸ் 10 பதிப்புக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதை வைத்திருப்போர் அடுத்த ஏற்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். முக்கியமான கோப்புகளைத் தனி வட்டில் நகலெடுத்து, கணினியிலிருந்து பிரித்து அலமாரியில் வையுங்கள். ஜகாத் பட்டியல் போன்றவற்றைப் பிள்ளைகள் விளையாடும் கணினியில் ஒருபோதும் வைக்காதீர்கள். வங்கிப் பணம் பறிபோனால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசியில் புகார் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே இலாபம்.

பிள்ளைகளிடமும் பேசுங்கள். திட்ட வேண்டாம், நம் வீட்டு இளைஞர்கள் இதைத் திருட்டு என்றே அறியாமல்தான் செய்கிறார்கள். "இந்தப் பெட்டிக்குள் உன்னுடையது மட்டுமா இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வாப்பாவின் வங்கிக் கணக்கு, உம்மாவின் புகைப்படங்கள், அக்காவின் சான்றிதழ்கள் என்று அவனே எண்ணத் தொடங்குவான். அந்த எண்ணிக்கை முடியும்போது, இலவசம் என்று நினைத்ததன் விலை அவனுக்கே விளங்கிவிடும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை ஒப்படைத்தவர் மனம் நோகாமல் காத்துத் தரும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! வஸ்ஸலாம்.