மடியும் மேஜையும்

கதை எழுதுகிறவன் எல்லாம் அறிந்தவன் என்ற நம்பிக்கை நம் உறவினர்களிடையே எப்படியோ பரவியிருக்கிறது. வரன் பார்ப்பதிலிருந்து வழக்குப் போடுவது வரை அவனிடம் யோசனை கேட்கிறார்கள். கல்லூரிப் படிப்பை இரண்டாண்டோடு நிறுத்திக்கொண்ட என்னிடம் சில மாதங்களுக்கு முன் வந்த கேள்வி இது: "வடிவமைப்பு வேலைக்கு மடிக்கணினி நல்லதா, மேஜைக் கணினி நல்லதா?"

கேட்டவள், கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கையின் மகள். பம்புகளுக்கு வேண்டிய வார்ப்பு உறுப்புகளைக் கணினியில் முப்பரிமாணமாக வரைந்து கொடுப்பது அவள் தொழில். ஒரு நிறுவனத்தில் மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, இனிச் சொந்தமாகச் செய்வது என்று வெளியே வந்துவிட்டாள். கணினிக்காக என் தங்கை நான்கு வளையல்களை அடகு வைத்து ஒன்றரை லட்சம் வாங்கியிருந்தாள். ஆகவே கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்வதற்கில்லை. விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன்.

நான் கட்டுரை தட்டும்போது கணினி ஏறக்குறையத் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஓர் உறுப்பின் மீது அழுத்தம் எங்கே விழும், விரிசல் எங்கே காணும் என்று கணக்கிடச் சொன்னாலோ, மணிக்கணக்கில் ஓய்வின்றி உழைக்கிறது. உழைப்பவனுக்கு வியர்க்கும், கணினிக்குச் சூடேறும். மேஜைக் கணினியின் பெட்டியில் பெரிய விசிறிகளுக்கும் காற்றோட்டத்துக்கும் இடம் உண்டு. ஒரு விரல் கனமுள்ள மடிக்கணினியில் அது ஏது? சூடு மீறிவிடாதபடி அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

பெயரை நம்பியும் பயனில்லை. என்விடியாவின் 4090 என்ற கிராஃபிக்ஸ் கார்டு 2022-ல் மேஜைக் கணினிக்கு வந்தது. 450 வாட் மின்சாரம் உண்ணும். நினைவகம் 24 ஜிபி. மறு ஆண்டு அதே எண்ணைச் சூடிக்கொண்டு மடிக்கணினிக்கு வந்ததற்கு நினைவகம் 16 ஜிபி. மின்சாரமும் 175 வாட்டைத் தாண்டாது. உள்ளிருக்கும் சில்லே வேறு. ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவர் பயில்வான், மற்றவர் குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இவ்வளவும் கேட்ட பிறகு, மேஜைக் கணினி என்று சொல்லிவிட வேண்டியதுதானே? ஆனால் தயங்கினேன். தங்கையின் கணவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காரணம் வேறு.

"ஊட்டோட இருக்கட்டுமுங்க மச்சான். பொட்டப்புள்ள பட்டறை பட்டறையா ஏறி எறங்க வேண்டாமுங்க" என்றார். கட்டுத்தறி ஒன்றைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

பெண் விடவில்லை. "வார்ப்படக்காரருக்கு எதுக்க உக்காந்துதானுங்க மாமா திருத்தோணும். இந்த எடத்துல கனம் பத்தாதுன்னு அவர் கைய வெச்சுக் காட்டறது, ஊட்டுல இருந்தா எனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவள் சொன்னதில் தொழிலின் உயிரே இருந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்தேன். பணத்தில் பெரும்பகுதிக்கு மேஜைக் கணினி. இப்போது 32 ஜிபி நினைவகம் போதும், கை வசதிப்படும்போது 64 ஆக்கிக்கொள்ளலாம். மின்தடை வந்தால் வேலையைச் சேமித்து மூடுவதற்கு ஒரு யு.பி.எஸ். மிச்சத்துக்குப் பழைய மடிக்கணினி ஒன்று. பட்டறையில் உட்கார்ந்தபடியே இணையத்தின் வழியாக வீட்டுக் கணினியை இயக்கும் வித்தை இன்று சர்வசாதாரணம். உழைப்பெல்லாம் வீட்டில் நடக்கும். மடியில் படம் மட்டும் தெரியும்.

"பெட்டி வீட்டோடு இருக்கும், மாப்பிள்ளை. பெண் இருக்கமாட்டாள்" என்று அவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. ஆனால், முதல் நாள் பட்டறைக்குத் தம் ஸ்கூட்டரில் அவரே கொண்டுபோய் விட்டாராம்.

வளையல்கள் இன்னும் மீளவில்லை. மூன்று மாத வட்டியை அவளே கட்டிவிட்டாள் என்று தங்கை சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது.