அரிசி களைந்த நீர்

அரூரில் மார்கழிக் குளிர் என்பது ஒரு கம்பளிச் சால்வையோடு சரி. அந்தத் தைரியத்தில்தான் போன வருஷம் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு மார்கழியில் புறப்பட்டேன். பட்ட பாட்டைக் கேட்காதீர்கள்! நான் சொல்ல வந்தது வேறு கதை.

அவள் வீட்டு வாசலில் ஒரு செடி. நம் ஊர் ரயில் கற்றாழையைப் போலக் கத்தி கத்தியாக மடல். ஓரத்தில் மட்டும் நார் சுருண்டு தொங்கிற்று. "யூக்கா அம்மா. அமெரிக்காச் செடி. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிகூடத் தாங்கும்" என்றாள் மகள். அங்கே குடித்தனம் போன புதிதில் முதன்முதலாக நட்டதாம்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. யூக்கா என்பது உண்மையில் மரவள்ளிக்கு அமெரிக்கப் பழங்குடிகள் வைத்த பெயர். 1597-ல் மூலிகை நூல் வெளியிட்ட ஜெரார்டு என்ற ஆங்கிலேயர் இதையே மரவள்ளி என்று எண்ணிவிட்டார். பெயரும் ஒட்டிக்கொண்டது. காடு காடாக மரவள்ளி போடுகிற அரூர்க்காரியான எனக்குச் சிரிப்பு வராதா?

சிரித்த வாய்க்குச் சீக்கிரமே தண்டனை கிடைத்தது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் எனக்குப் பொழுது போகவேண்டுமே! செடியைச் சுற்றிக் கிடந்த சரளைக் கல்லைப் பொறுக்கி மூலையில் குவித்தேன். மடல்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தாள். பாவமாக இருந்தது, அவிழ்த்துவிட்டேன். அரிசி களைந்த நீரைத் தினமும் குருத்திலேயே வார்த்தேன். கறிவேப்பிலை வளர்த்த கை அல்லவா!

ஒரு மாதத்தில் நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரே அழுகல்.

யூக்காவுக்கு எமன் குளிரல்ல, ஈரம். லண்டன் களிமண் குளிர்காலம் முழுவதும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்காகத்தான் மேடும் சரளையும். குருத்தில் மழையும் பனியும் தங்காதிருக்கத்தான் கயிறு. இதெல்லாம் மாப்பிள்ளை பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகளோ, "இந்த வருஷம் மழை ஜாஸ்தி" என்றதோடு உள்ளே போய்விட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

விதை போட்டு முளைக்க வைக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. அமெரிக்காவில் ஒரு சின்ன வெள்ளை அந்துப்பூச்சி மகரந்தத்தை உருட்டி வந்து பூவுக்குள் திணித்து, அங்கேயே முட்டையும் இடுமாம். அந்தப் பூச்சி இங்கிலாந்தில் கிடையாது, பூத்தாலும் காய்க்காது. வாழையைப் போல் பக்கக் கன்று வந்தால்தான் உண்டு. அந்தக் கவலையோடேயே ஊர் திரும்பினேன்.

வைகாசியில் டெலிபோன் வந்தது. "அம்மா, வேரிலிருந்து மூணு கன்று விட்டிருக்கு!"

"சரளை போட்டாயா?" என்றேன் அவசரமாக.

"போட்டாச்சு. அதான் நீ மூலையிலே குவிச்சு வெச்சிருந்தியே, அதையேதான் போட்டேன்" என்றாள்.